சண்டைக்காரிக்குப் பெயர் ‘கட்டுமரம்’… தெரியுமா?

கடல் சாகச நாவல் படித்தால் ஆங்கிலம் வளரும் என்று பிள்ளைகள் கையில் ‘ட்ரெஷர் ஐலண்ட்’டைத் திணிக்கிறோமே, அந்தக் கடல் ஆங்கிலத்துக்கே சொல் கடன் கொடுத்தவர்கள் நாம் என்பது தெரியுமா? சாட்சி, ‘கேட்டமரான்’!

நம் கட்டுமரத்தை இங்கிலாந்து வாசகர்களுக்குக் காட்டியவர்களில் ஒருவர், சாட்சாத் கடற்கொள்ளையர்! வில்லியம் டாம்பியர். 1690 வாக்கில் சென்னைக் கோட்டைக்கு வந்தவர். சோழமண்டலக் கரையில் ஒற்றை ஆள் காலும் பின்புறமும் தண்ணீரில் நனைய, மரக்கட்டை மேல் உட்கார்ந்து போவதை 1697இல் வெளியான தன் உலகப் பயண நூலில் பெயரோடு பதிந்துவைத்தார். கொள்ளைக்குப் போன இடத்திலும் குறிப்பெடுத்த மனிதர்! பனாமாக் காட்டில் ஆறுகளைக் கடந்தபோது தாள்களை மூங்கில் குழாய்க்குள் போட்டு, இரு முனையையும் மெழுகால் அடைத்துக் காப்பாற்றினார்.

‘ராபின்சன் குரூசோ’வுக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படும் செல்கிர்க்கை 1709இல் தனித்தீவிலிருந்து மீட்ட கப்பலுக்கு வழிகாட்டி மாலுமி யார்? இதே டாம்பியர்தான்! கற்பனைப் பாத்திரமான கலிவர்கூட அவரை உறவுக்காரர் என்று சொந்தம் கொண்டாடுகிறார்.

சரி, கப்பலேறிய கட்டுமரம் அங்கே என்ன ஆனது? வசவானது! 1830களில் கேப்டன் மரியாட் எழுதிய ‘பீட்டர் சிம்பிள்’ என்ற கடல் நாவலில் பெண்ணைத் திட்டும் சொல் அது. சண்டைக்காரி என்ற பொருளோடு அகராதியிலும் ஏறிவிட்டது. சொல்லின் தலையில் ‘கேட்’ என்று பூனை உட்கார்ந்திருப்பதால் வந்த வினை என்பது என் ஊகம். திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் மீனவரிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கு அது வெறும் ‘மரம்’!

கடலிலிருந்து பேச்சுக்குள் ஏறியது கட்டுமரம் மட்டுமல்ல. குடித்துத் தள்ளாடுகிறவனைப் பற்றிச் சொல்லும்போது கப்பல்காரர்கள் ‘ஷீட்’ காற்றில் ஆடுகிறது என்பார்கள். ஷீட் என்றால் பாய் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை, கயிறு! பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது நழுவினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? மானம் போனால் கப்பலேறுகிறது. கவலை வந்தால் கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை. கடன் தீர்ந்தால் கரையேறுகிறோம்!

இன்னொன்று கேளுங்கள். டாம்பியர் தன் கையால் ஓரக்குறிப்பு எழுதிய பயணக் குறிப்பின் பிரதி ஒன்று ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியமே பிறந்த சேகரிப்பு அது! அந்த ஸ்லோனின் வழிவந்தவர் கர்னல் எட்வர்ட் கடோகன். அவர்தான் சுவாதித் திருநாள் காலத்தில், 1829இல், திருவனந்தபுரத்தில் தொடங்கிய பொது நூலகத்தின் முதல் தலைவர்! பாளையத்தில் இன்றும் திறந்திருக்கும் மாநில மைய நூலகம் அதுவேதான். கடல் நாவல் தேடி அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உச்சக்கட்ட வியப்பு இதுதான். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ வரைபடத்தில் புதையலுக்கு வழி எப்படி? உயர்ந்த மரம் ஒன்று, அதன் பின்னே மலைத்தோள் ஒன்று. இரண்டும் எந்தத் திசையில் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் மீனவர்கள் கடலுக்கடியில் மறைந்திருக்கும் பாறைத்திட்டை, அதாவது ‘பார்’ என்பதைக் கண்டுபிடிப்பதும் இப்படியே! தொலைவில் மலையுச்சி, கரையில் தேவாலயக் கோபுரம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வேறு பக்கம் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்குகிறார்கள். இதற்குப் பெயர் ‘கணிச்சம்’. வரைபடமும் இல்லை, காகிதமும் இல்லை, எல்லாம் தலைக்குள்!

நாவலில் பாவம், குழிக்குள் இறங்கிப் பார்த்தால் காலி. தீவில் கைவிடப்பட்டிருந்த பென் கன் முன்பே வாரிக்கொண்டு போய்விட்டான். இங்கே கணிச்சம் சரியாக விழுந்தால் கலவா மீன் நிச்சயம், சந்தையில் நல்ல விலையும் உண்டு!