முதியோர் பசியும் அறநிலையங்களும்

பசி என்றதும் பஞ்சமும் கஞ்சித்தொட்டியுமே பலர் நினைவுக்கு வருவன. 1870களில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தமை யாவரும் அறிந்தது. ஆயின் தெருவுக்கு வந்து கையேந்தாத பசியும் ஒன்று உண்டு. அது கல்வீட்டினுள்ளே, பூட்டிய படலைக்குப் பின்னால், காலையில் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு விசுக்கோத்தும், இரவில் பாணும் சம்பலுமாக நாளைக் கழிக்கின்றது. பிள்ளைகள் கடல் கடந்து போயினர், பணம் அனுப்புகின்றனர், வங்கிப் புத்தகத்தில் குறைவில்லை. ஆனால் ஒருவருக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை.

முதுமையில் உடல் உழைப்புக் குறைவதால் உணவும் குறையலாம் என்று கருதுவோர் பலர். இது பாதி உண்மையே. உடலுக்கு வேண்டிய சக்தியின் அளவு குறைவது மெய். புரதத்தின் தேவையோ குறைவதில்லை. உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் புரதமேனும் முதியோருக்கு வேண்டும் என்பது இன்றைய மருத்துவர் கூற்று. அஃதாவது 50 கிலோகிராம் நிறையுள்ள மூதாட்டிக்கு 50 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 30 கிராம் பயற்றில் ஏறக்குறைய 7 கிராமும் உள. தேநீரும் விசுக்கோத்தும் கொண்டு இக்கணக்கை நிறைவேற்ற இயலாது. இதனோடு பல் விழுதல், நா சுவை மறத்தல், தாகம் தோன்றாமை, சில மருந்துகளால் வரும் அருசி ஆகியனவும் சேர்கின்றன. இளைஞன் சில நாள் பட்டினி கிடந்தால் பின்பு பசி மிகுந்து இழந்ததை ஈடுசெய்கின்றான். முதியவருக்கு அப்பசி எளிதில் மீள்வதில்லை. தசை மெலிகின்றது, நடை தளர்கின்றது, ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுகின்றார். எலும்பு முறிந்தது என்று வைத்தியசாலைச் சீட்டில் எழுதப்படும். உணவுக் குறைவு என்று எவரும் எழுதார்.

இந்த மறைவான பசியை அறநிலையங்கள் கண்டறிந்த வரலாற்றுக்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டு. ரெடிங் சீமாட்டி 1938இல் பெண்கள் தொண்டர் சேவையை ஆரம்பித்தது வான்தாக்குதற் காலத் தேவைகளுக்காகவே. 1943இல் ஹேர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில் அச்சேவையினர், சமைக்க இயலாத முதியோரின் வீட்டு வாசலுக்கே சூடான உணவைக் கொண்டுசெல்லத் தலைப்பட்டனர். போர் முடிந்த பின்பும் அத்தொண்டு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டம், இவ்வாறு உணவளிக்கும் தொண்டர் நிறுவனங்களுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் பணம் உதவ இடமளித்தது. முதலில் தொண்டர் நடந்த வழியிலே அரசு பின்னர் நடந்தது என்பது கவனித்தற்குரியது. 1954இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் இத்தொண்டு தொடங்கிற்று.

அங்கே உணவுப் பாத்திரத்தினும் பெரிய உதவி அதனைக் கொண்டுவந்த ஆளாகும். வாரந்தோறும் ஒரே முகம் வாசலில் தோன்றினால், நேற்றைய உணவு தீண்டப்படாமல் இருப்பதும், சட்டை தோளில் தளர்ந்து தொங்குவதும், மோதிரம் விரலில் நில்லாமல் நூல் சுற்றப்பட்டிருப்பதும் அம்முகத்துக்குத் தெரிந்துவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துள், முயலாமலே உடல்நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். 50 கிலோகிராமில் இரண்டரைக் கிலோகிராம் குறைவதே அது. ஒரு நிறைகாட்டும் கருவியும் ஒரு கொப்பியும் இருந்தால் எந்தச் சனசமூக நிலையமும் இதனைச் செய்யலாம், வைத்தியர் வேண்டியதில்லை.

இலங்கையில் உணவுத் தருமத்துக்குக் குறைவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே மக்கள் அழைக்கின்றனர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனப்படும் கத்தோலிக்க கன்னியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொழும்புக்கு வந்து, முதியோருக்காகச் சந்தையிலே இரந்து பெற்ற பொருளாலும் இல்லம் நடத்தினர். இன்று பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லங்களில் ஒருவேளை உணவு அளிப்பது எல்லா மதத்தினரிடையும் வழக்காகிவிட்டது. நல்ல வழக்கே. ஆயினும் ஒன்று சொல்லாமல் இருத்தல் தகாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டார் மூன்று பாயசம் கொணர்கின்றனர்; செவ்வாய்க்கிழமை எவரும் வருவதில்லை. வருவதும் பெரும்பாலும் சோறும், எண்ணெயிற் பொரித்தனவும், இனிப்புமே. நீரிழிவுள்ளவருக்கு அது விருந்தன்று, தண்டனை. அதே செலவில் பயற்றங்கஞ்சி, முட்டை, நெத்தலிக் குழம்பு, குழைய வேகவைத்த பருப்பும் முருங்கையிலையும் கொடுக்கலாம். உழுந்துக் களி பல்லில்லாதவரும் உண்ணத்தக்கது, புரதமும் உடையது. இல்லத்தை நடத்துவோர் மாத நாட்காட்டி ஒன்றை வாசலில் தொங்கவிட்டு, எந்நாள் வெறுமையாயுள்ளது, அன்று எது வேண்டும் என்று எழுதிவைத்தால் கொடுப்போர் மனங்கோணார்.

தேவையோ வளர்கின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியிற் கண்ட உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆகியது, ஓய்வூதியமும் சேமிப்பு வட்டியும் அந்த வேகத்தில் ஏறவில்லை. முட்டையும் மீனும் பாலுமே முதலிற் கைவிடப்பட்டன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைக் காக்க வந்தது. எனினும் சட்டம் வீட்டுக்கு வீடு சென்று சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதில்லை. அதனை அயலிலுள்ள மாதர் சங்கமும், கோயிற் தொண்டரும், பள்ளிவாசல் இளைஞருமே செய்யவேண்டும்.

இங்கே தடையாய் நிற்பது பணமன்று, மானம். பள்ளிக்கூடத்திற் படிப்பித்தவர், பத்துப் பரப்புக் காணி உடையவர், தருமச் சோறு வாங்குவேன் என்று வாய் திறந்து சொல்லுவாரா? இங்கிலாந்தில் வாசலுக்கு வந்த உணவுக்கு முதியோர் சிறு தொகை கொடுத்தே உண்டனர். அவ்வாறே இங்கும் இயன்றவரிடம் ஏதேனும் பெறுவது முறை. முற்றத்து முருங்கையில் ஒரு கட்டுக் கீரை தந்தாலும் போதும். தொண்டர் அதை வேண்டாமென்று சொல்லாமல் சமையலறைக்கு எடுத்துச் செல்லட்டும்.