உங்கள் டூலைக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

பிரிண்டரில் லீகல் தாளை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏ4 என்று தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? அச்சு சரியாக விழாது. ஒரு தாள் வீணாகும், அவ்வளவுதான். பித்தளைத் தகட்டில் இதே தவறைச் செய்தால் நஷ்டம் அதிகம். நான் செய்தேன்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்தத் தொழில் நடக்கும் நாகல் நகரில் என் மாமாவுக்குச் சிறிய பட்டறை இருக்கிறது. பெயர்த் தகடு செதுக்க ஒரு சிறிய சிஎன்சி இயந்திரம் வாங்கினார். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது.

நாம் வரையும் படத்தை இயந்திரம் நகர வேண்டிய பாதையாக மாற்றித் தருவது கேம் மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் இந்த வசதி உள்ளது. கூர்முனை கொண்ட வி-பிட்டால் எழுத்துச் செதுக்கும்போது, எழுத்துக் கோட்டின் அகலத்தைப் பார்த்து, எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று மென்பொருளே கணக்கிடும். அதற்கு பிட்டின் கோணம் தெரிய வேண்டும்.

நான் 60 டிகிரி என்று கொடுத்தேன். 1 மி.மீ. அகலக் கோட்டுக்கு 0.87 மி.மீ. ஆழம் என்று கணக்கு வந்தது. திரையில் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. தகட்டிலோ கோடுகள் ஏறக்குறைய இருமடங்கு தடித்து, எழுத்துகள் ஒட்டிக்கொண்டன.

"மாப்ளை, அந்த பிட்டை நான் சாணை பிடிச்சிட்டேனே!" என்றார் மாமா.

திரையில் தெரிந்தது நான் சொன்ன பிட்; இயந்திரத்தில் இருந்தது மாமா தீட்டிய பிட்! நாம் தவறாகச் சொன்னால் திரையும் அதே தவறைத்தான் காட்டும்.

சரி, சாணை பிடித்த பிட்டை எப்படி அளப்பது?

1. கழிவுத் தகட்டில் 0.5 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடும், 1 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடும் வெட்டுங்கள். கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

2. இரண்டின் அகலத்தையும் வெர்னியரால் அளங்கள். எங்களுக்கு 1.2, 2.2 மி.மீ. வந்தன. வித்தியாசம் 1.

3. விண்டோஸ் கால்குலேட்டரை சயின்டிஃபிக் முறைக்கு மாற்றி, இந்த வித்தியாசத்துக்கு டான் இன்வர்ஸ் பாருங்கள். 45 டிகிரி வரும். இது பாதிக் கோணம். முழுக் கோணம் 90.

4. முதல் கோட்டின் அகலத்தில் வித்தியாசத்தைக் கழியுங்கள். 1.2-ல் 1 போக 0.2 மி.மீ. இதுதான் முனையின் தட்டை அகலம்.

இனி ஃப்ரீகேடில் கேம் ஒர்க்பெஞ்ச் சென்று, டூல்பிட் லைப்ரரியைத் திறந்து, வி-பிட் வடிவத்தில் புதிய டூல் ஒன்றை உருவாக்குங்கள். கட்டிங் எட்ஜ் ஆங்கிளில் 90, டிப் டயாமீட்டரில் 0.2 கொடுத்து, தனிப் பெயரில் சேமியுங்கள். வேறு மென்பொருள் என்றால், கேட்பது முழுக் கோணமா, பாதிக் கோணமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த தகடு சரியாக வந்தது. இப்போது மாமா சாணை பிடித்தால், பிட்டின் பெட்டி மேல் தேதி எழுதி வைக்கிறார். தேதி மாறியிருந்தால் நான் மறுபடியும் இரண்டு கோடு வெட்டி அளக்கிறேன்.