வடமாநில தொழிலாளர்கள் மீது வெறுப்பு வீடியோ: 2023 வதந்தி கிளம்பியது எப்படி? மேடவாக்கம் பகுதி மக்கள் கவனிக்க...

மேடவாக்கம்,

மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று சுற்றி பார்த்தால் மெட்ரோ ரெயில் வேலை, பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடி கட்டிட வேலை, ஓட்டல் சமையல்கட்டு என எங்கும் வடமாநில வாலிபர்கள்தான். பாதிக்கு மேல் நம்ம ஆட்கள் வராத வேலைகள். ஆனால் செல்போனை திறந்தால் 'வடக்கன் ஊரையே பிடிச்சிட்டான்' என்று வீடியோக்கள் வந்து விழுகின்றன.

மண்ணின் மைந்தர் என்ற பெயரில் வெளியூர்க்காரரை விரோதியாக்கும் இந்த போக்கு, உலகம் முழுக்க தீவிர வலதுசாரிகள் கையில் எடுக்கும் ஆயுதம். ஐரோப்பாவில் குடியேறியவர்களுக்கு எதிராக நடப்பதும் இதே ரகம்தான். தமிழகத்தில் இது 2023-ம் ஆண்டு தலைதூக்கியது. அதன் விவரம் வருமாறு:-

திருப்பூரில் தொடங்கியது

2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநில தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களை விரட்டும் வீடியோ பரவியது. விசாரித்தால், அது சிலருக்குள் ஏற்பட்ட தனிப்பட்ட தகராறு. அதற்குள் 'தமிழனை அடிக்கிறான்' என்று ஊரெல்லாம் சுற்றி வந்து விட்டது. அடுத்த மாதமே ஓடும் ரெயிலில் வடமாநில தொழிலாளர்களை ஒருவர் அடித்து உதைக்கும் வீடியோ வெளியானது. அவரை ரெயில்வே போலீசார் கைது செய்தனர்.

மார்ச் மாதம் காற்று அப்படியே திரும்பி அடித்தது. தமிழகத்தில் இந்தி பேசியதற்காக பீகார்காரர்கள் 12 பேரை தூக்கில் தொங்க விட்டதாக வட இந்தியாவில் புரளி கிளம்பியது. இதை டுவிட்டரில் போட்டவர்களில் பா.ஜ.க.வை சேர்ந்த பிரசாந்த் உம்ராவும் ஒருவர். அவர் மீது தூத்துக்குடி போலீசார் வழக்கு போட, சுப்ரீம் கோர்ட்டு அவரை மன்னிப்பு கேட்க சொன்னது. பீகார் சட்டசபையிலும் ஒரே அமளி.

அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு உடனே வீடியோவில் விளக்கம் கொடுத்தார். பரவிய 2 காட்சிகளில் ஒன்று பீகார் தொழிலாளர்களே 2 கோஷ்டியாக மோதியது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்றார். அடித்தவரும் அடிவாங்கியவரும் யார் என்று கூட பார்க்காமல் லட்சக்கணக்கானோர் நம்பி விட்டார்கள்!

இன்னொரு கூத்து. மார்ச் 8-ந்தேதி ஹோலி பண்டிகை. வழக்கம்போல ஊருக்கு கிளம்பிய கூட்டத்தையும் 'உயிருக்கு பயந்து ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். அதை பார்த்து நிஜமாகவே பயந்து மூட்டை கட்டியவர்களும் உண்டு. பீகாரில் இருந்து பாலமுருகன் ஐ.ஏ.எஸ். தலைமையில் 4 அதிகாரிகள் வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்தனர். பீகாரை சேர்ந்த யூடியூபர் மணிஷ் காஷ்யப், பாட்னாவில் வாடகை வீட்டில் ஆட்களை நடிக்க வைத்து வீடியோ எடுத்ததாக அந்த மாநில போலீசாரே குற்றம்சாட்டினர். மார்ச் 18-ந்தேதி சரண் அடைந்த அவர் மதுரை ஜெயிலில் அடைக்கப்பட்டார். அவர் மீதான தேசிய பாதுகாப்பு சட்டத்தை பின்னர் ஐகோர்ட்டு ரத்து செய்தது. டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

நாமும் வாங்கிய அடி

இது தமிழர்களுக்கு புதுசு அல்ல. 1966-ல் மும்பையில் சிவசேனா தொடங்கியபோது முதல் குறி தென்னிந்தியர்கள்தான். வேலையை பறிக்கிறார்கள் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். நம்மவர்களை லுங்கி கட்டியவர்கள் என கேலி பேசினார்கள். 1991 டிசம்பரில் காவிரி பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்கள் அடி வாங்கி, வீடு வாசலை விட்டு வந்த கதை பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கூலி குறைந்து விட்டது என்ற ஆதங்கம் இங்கே கட்டிட தொழிலாளர்களிடம் உண்டு. அதை பொய் என்று தள்ள முடியாது. ஆனால் கூலியை குறைப்பது காண்டிராக்டர். 10 பேர் ஒரே அறையில் படுத்துக் கிடக்கும் பீகார் பையன் மீது கோபப்பட்டு என்ன பயன்? கூலியை பேச வேண்டிய இடம் காண்டிராக்டரும், தொழிலாளர் துறையும்தான்.

என்ன செய்யலாம்?

தெருவில் திருட்டு நடந்தால் ஆளை பற்றி போலீசில் புகார் கொடுங்கள். 'இந்திக்காரன்தான்' என்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்-அப் குரூப்பில் போட்டு விடாதீர்கள். வீடியோ வந்தால் எந்த ஊர், எந்த தேதி, எந்த போலீஸ் நிலையம் என்று கேளுங்கள். மூன்றும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்தி விடலாம்.

இனம், மொழி, மதம், பிறந்த ஊர் பெயரால் பகையை தூண்டினால் பாரதீய நியாய சன்ஹிதா 196-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். வாட்ஸ்-அப், பேஸ்புக்கில் தூண்டினாலும் இதே பிரிவுதான். வெளிமாநில தொழிலாளர்களுக்கு வீடு விட்டவர்கள், வேலைக்கு வைத்த மேஸ்திரிகள் ஒன்றை சொல்லி வைக்கலாம். யாராவது மிரட்டினால் 112-க்கு போன் செய்ய வேண்டும், பயந்து ரெயில் ஏற வேண்டாம். பல பேருக்கு இந்த நம்பரே தெரியாது.