ஆர்3 ஏன் காலியாக இருக்கிறது? (இயந்திரத்தின் அடியில் – 9)

ஆண்ட்ராய்டின் பழைய டால்விக் மெய்நிகர் இயந்திரம், பைட்கோடை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்குவதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் பைட்கோடை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஃபோன் எதையும் செய்துவிட முடியாது. கோப்பைத் திறக்கவும் திரையில் வரையவும் கடைசியில் சி மொழியில் எழுதப்பட்டு, சிப்பின் சொந்தக் கட்டளைகளாக மாற்றப்பட்ட ஏதோவொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஜாவாவில் ‘நேட்டிவ்’ என்று குறித்த மெத்தட்கள் இவைதான்.

டால்விக்கின் பெரும்பகுதி எந்தச் சிப்புக்கும் கொண்டுபோகக்கூடிய நிரல். இன்டர்ப்ரெட்டரை அசெம்பிளியில் எழுதியது வேகத்துக்காக; அதற்குச் சி வடிவமும் கூடவே இருந்தது. சிப்புக்குச் சிப்பு மாறியே தீர வேண்டியிருந்தது ‘டிவிஎம் பிளாட்ஃபார்ம் இன்வோக்’ என்ற சின்ன ரொட்டீன். பைட்கோடு உலகத்தையும் சிப்பின் உலகத்தையும் இணைக்கும் பாலம் அது.

இதை ஏன் சி மொழியிலேயே எழுதிவிடக் கூடாது? சி கம்பைலர் ஓர் அழைப்பை மொழிபெயர்க்கும்போதே, எத்தனை மதிப்புகள், ஒவ்வொன்றும் என்ன வகை என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்கோ நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த விவரம் கிடைக்கிறது. நாளைக்கு யாரோ எழுதப்போகும் செயலியின் மெத்தட் இன்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? ஆகவே மதிப்புகளைக் கையாலேயே ரெஜிஸ்டர்களில் ஏற்றிவிட்டு, அந்த ஃபங்ஷனின் முகவரிக்குத் தாவ வேண்டும். சி மொழியில் ரெஜிஸ்டரைத் தொட வழியில்லை, அசெம்பிளியில்தான் முடியும்.

எங்கே ஏற்றுவது என்பதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் உண்டு. 32 பிட் ஆர்ம் சிப்பில் முதல் மதிப்புகள் ஆர்0 முதல் ஆர்3 வரையான 4 ரெஜிஸ்டர்களில் போகும், மிச்சம் ஸ்டாக்கில். ஜாவாவையும் நேட்டிவ் நிரலையும் இணைக்கும் ஜே.என்.ஐ. விதிப்படி ஆர்0, ஆர்1 இரண்டும் முதலிலேயே பிடிக்கப்பட்டுவிடும்: ஒன்றில் சூழலின் சுட்டி, இன்னொன்றில் வகுப்பு அல்லது பொருள். மெத்தடின் சொந்த மதிப்புகளுக்கு எஞ்சியவை ஆர்2, ஆர்3 மட்டுமே.

ஒரு மெத்தட், முதலில் ஒரு ‘இன்ட்’, அடுத்து ஒரு ‘லாங்’ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ட் 32 பிட், ஆர்2-இல் உட்கார்ந்துவிடும். லாங் 64 பிட். அதற்கு இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். புதிய ஒப்பந்தமான ‘ஈஏபிஐ’யில் அந்த ஜோடி இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கலாம். பேருந்தில் இருவர் அமரும் இருக்கையில் பாதி போய்விட்டால் பின்னால் போகும் தம்பதியைப் போல, லாங் முழுதாக ஸ்டாக்குக்குப் போகிறது. ஆர்3 காலியாகவே கிடக்கும். பழைய ஒப்பந்தத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. லாங்கின் முதல் பாதி ஆர்3-இல், மறுபாதி ஸ்டாக்கில்.

டால்விக்கின் நினைவகத்திலோ இந்த மூன்று 32 பிட் சொற்களும் (இன்ட்டுக்கு ஒன்று, லாங்குக்கு இரண்டு) இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து இருக்கும். அவற்றை அப்படியே வரிசையாக ஏற்றினால் ரொட்டீனில் எந்தப் பிழையும் தெரியாது. தாவல் ஒழுங்காக நடக்கும். அந்தப் பக்கம் சி ஃபங்ஷன் லாங்கின் மேல்பாதியைக் கீழ்ப்பாதி என்று படித்துக்கொண்டு வேலையைத் தொடரும். அந்த லாங் கோப்பில் ஓர் இடத்தைக் குறிப்பது என்றால், தவறான இடத்துக்குப் போகும்; கோளாறு வெகுதூரம் தள்ளித்தான் வெளிப்படும். இந்த ரொட்டீனை எழுதுகிறவர்மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் இதுதான்: அவர் செய்யும் தவறு அவருடைய வரிகளில் தென்படவே தென்படாது.

ஒவ்வொரு அழைப்பிலும் மெத்தடின் கையொப்பத்தை (மதிப்புகளின் வகைப் பட்டியலை) எழுத்தெழுத்தாகப் படித்து இதைக் கணக்கிட்டால் நேரம் வீணாகும். அதற்கு டால்விக் குழு கண்ட வழி மிக அழகானது. வகுப்பை ஏற்றும்போதே ஒரு 32 பிட் குறிப்பைத் தயாரித்து மெத்தடோடு வைத்துவிடுவார்கள். 3 பிட்டில் திரும்பிவரும் மதிப்பின் வகை, 4 பிட்டில் தேவையான ஸ்டாக் அளவு, 24 பிட்டில் எங்கெங்கே ஒரு சொல்லைக் காலியாக விட வேண்டும் என்ற அடையாளங்கள். எஞ்சிய உச்சி பிட், மதிப்புகள் இதில் அடங்காத அளவு நீளமாக இருந்தால், ‘குறிப்பை நம்பாதே, மெதுவான வழியில் போ’ என்று சொல்லும்.

தாவுவதற்கு முன் செய்ய வேண்டிய கடமைகளும் உண்டு. ஆர்4 முதல் ஆர்11 வரை எதைப் பயன்படுத்தினாலும், பழைய மதிப்பைப் பத்திரப்படுத்தித் திருப்பித் தர வேண்டும். ஸ்டாக் முகவரி 8-ஆல் வகுபட வேண்டும். விடை 32 பிட் என்றால் ஆர்0, 64 பிட் என்றால் ஆர்0-உம் ஆர்1-உம்.

புதிய சிப்புக்கு அசெம்பிளி எழுத ஆள் கிடைக்கும்வரை ‘லிப்எஃப்எஃப்ஐ’ நூலகத்தை வைத்து ஓட்டவும் டால்விக்கில் ஏற்பாடு இருந்தது. பைத்தானின் ‘சிடைப்ஸ்’ இன்றும் அந்த நூலகத்தின் தோளில்தான் நிற்கிறது. எல்லா வகை அழைப்பையும் சமாளிக்கும். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது டால்விக்கின் இடத்தை ‘ஆர்ட்’ எடுத்துக்கொண்டது. 64 பிட் ஆர்மில் லாங் ஒரே ரெஜிஸ்டரில் அடங்கிவிடுவதால் ஜோடிக் கணக்கு ஒழிந்தது. பதிலுக்கு முழு எண்களுக்கு எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை, தசம எண்களுக்கு வி0 முதல் வி7 வரை என இரண்டு தனித்தனி வரிசைகள் வந்தன. ஆர்ட்டின் பொதுவான ஜே.என்.ஐ. ரொட்டீன் இரண்டையும் தனித்தனியாக எண்ணி நிரப்புகிறது.

இதுவரை பார்த்தது பைட்கோடிலிருந்து நேட்டிவுக்குப் போகும் வழி. நேட்டிவ் நிரல் திரும்பிப் பைட்கோடைக் கூப்பிடும்போது, நடுவில் குப்பை சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)