பல்பு ஏன் மங்கவில்லை?

மார்கழி விடியலில் எந்த ஊர்க் கோயில் மைக் செட் பாடுகிறது என்று குடவாசல் பக்கத்து வயல் வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். என் ஒன்பதாம் வகுப்பிலோ, செல்போனில் போட்ட பாடக் காணொலியின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. மேலே இரண்டு மின்விசிறிகளின் சத்தம் வேறு. கடைசி வரிசைக்குப் படமும் இல்லை, குரலும் இல்லை. அதனால்தான் ஓர் ஆம்ப்ளிபையரை நாங்களே செய்யத் துணிந்தோம்.

டிடிஏ2030 என்ற ஐந்து கால் ஐசியைத் தேர்ந்தெடுத்தோம். கும்பகோணத்தில் எளிதாகக் கிடைத்தது. கடைக்காரர் 12-0-12 டிரான்ஸ்பார்மரை எடுத்து நீட்டினார். நான் 9-0-9 கேட்டேன். காரணம் கணக்கில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு, மின்தேக்கி நிரம்புவதோ உச்ச மதிப்புக்கு. 12-ஐ 1.414 ஆல் பெருக்கி, டையோடில் இழக்கும் 0.7-ஐக் கழித்தால் 16 வோல்ட்டைத் தாண்டுகிறது. இந்த ஐசியின் எல்லை கூட்டல் கழித்தல் 18 வோல்ட். வீட்டு மின்சாரம் சற்று ஏறினால் எல்லையைத் தொட்டுவிடும். 9-0-9 என்றால் இருபுறமும் 12 வோல்ட்தான்; 8 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 6 வாட். திருவிழாவுக்குப் போதாது, வகுப்பறைக்குத் தாராளம்.

230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் நானே செய்தேன். ஃபியூஸ், மூன்று பின் பிளக், டேப் சுற்றிய இணைப்புகள் எல்லாம் முடிந்த பிறகுதான் மாணவர்களை அருகில் விட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியை ஒரு மின்தடை வழியாக வடியவிடாமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

இன்னொரு பாதுகாப்பு சீரிஸ் பல்பு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பிரதான மின்சாரத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இடையே தொடரில் இணைத்தோம். 60-ஐ 230 ஆல் வகுத்தால் 0.26. உள்ளே எங்கே ஷார்ட் ஆனாலும் அந்த 0.26 ஆம்பியருக்கு மேல் போகாது. எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். கல்லூரி நாளில் இது தெரியாமல் மூன்று ஐசிகளைப் புகைத்தவன் நான்.

மரப்பலகையில் பொருத்தியபோது பல்பு மின்னி மங்கியது. பாட்டு வந்தது. ஒரே கைதட்டல். மறுநாள் அதைத் தகரப் பெட்டிக்குள் மாற்றி, ஐசியின் முதுகைப் பெட்டிச் சுவரிலேயே திருகினோம். தகரமே வெப்பத்தைக் கடத்திவிடும் என்பது என் யோசனை. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது, மங்கவே இல்லை.

“டிரான்ஸ்பார்மர் போயிடுச்சு சார்” என்றான் ஒருவன். “ஐசி அவுட்டு” என்றான் இன்னொருவன். நான் இணைப்புகளை இரண்டு முறை சரிபார்த்தேன், தவறு தென்படவில்லை. “எனக்கும் தெரியலப்பா” என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பலகையில் எழுதினேன்: நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியது?

பெட்டி மட்டும்தான் மாறியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, வடியவிட்டு, ஐசியின் திருகைக் கழற்றித் தகரத்திலிருந்து விலக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டோம். பல்பு மங்கியது! அணைத்த பிறகு ஒரு மாணவி மல்டிமீட்டரை எடுத்து, ஐசியின் உலோக முதுகில் ஒரு முனையும் ஒவ்வொரு காலிலும் மறுமுனையும் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது காலில் ‘பீப்’ என்றது. “சார், முதுகும் மூணாவது காலும் ஒண்ணு!”

மூன்றாவது கால் எதிர்மின் வழங்கல், அதாவது மைனஸ் 12 வோல்ட். உள்ளீட்டு சாக்கெட்டின் வெளி வளையமோ பூஜ்யக் கம்பி. அதுவும் அதே தகரத்தில்தான் திருகப்பட்டிருந்தது. மைனஸ் 12-ம் பூஜ்யமும் பெட்டி வழியாகக் கைகோத்துக்கொண்டன. மரப்பலகைக்கு மின்சாரம் கடத்தத் தெரியாது, அதனால் நேற்று தப்பித்தோம். ஐசிக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய மைக்கா தகடும், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்தோம். மைக்கா வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. பத்து வருடங்களாகக் கடத்திகள், கடத்தாப் பொருள்கள் நடத்துகிறேன். இந்த எடுத்துக்காட்டு ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் போகவில்லை. எனவே குற்றம் செல்போன் வயரில் இல்லை. வேறொரு போனின் செயலியில் 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஹெட்போனில் கேட்டு ஒப்பிட்டார்கள். எங்கள் இரைச்சல் 100-உடன் ஒத்தது. முழு அலைத்திருத்தி வீட்டு மின்சாரத்தின் 50-ஐ 100 ஆக்கும் என்று புத்தகத்தில் இருப்பது அன்று காதில் விழுந்தது. அப்படியானால் மின்வழங்கல் பக்கம்தான் பார்க்க வேண்டும். மின்தேக்கிகளின் பூஜ்யமும், ஸ்பீக்கரின் பூஜ்யமும், உள்ளீட்டின் பூஜ்யமும் ஒரே மெல்லிய கம்பியில் வரிசையாக ஏறியிருந்தன. மின்தேக்கியை நிரப்பும் மின்னோட்டம் அந்தக் கம்பியில் உண்டாக்கிய சிறு மின்னழுத்தத்தை ஐசி பாட்டென்று நினைத்துப் பெருக்கியிருக்கிறது. மூன்றையும் தனித்தனிக் கம்பியாக்கி, இரண்டு மின்தேக்கிகளும் சந்திக்கும் ஒரே புள்ளியில் பற்றவைத்தோம். இரைச்சல் நின்றது.

பெட்டி இப்போது வகுப்பு அலமாரியின் மேல் இருக்கிறது. பக்கத்தில் அந்தக் குண்டு பல்பும் ஹோல்டரும். சென்ற வாரம் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் வந்து, வீட்டில் ரேடியோ ரிப்பேர், அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்றான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ரேடியோவையும் இங்கேயே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.