எரிமலை இல்லாத மலைநாடு

அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் நின்று பார்த்தால் சிவனொளிபாதமலை கூம்பாகத்தான் தெரியும். பாடப்புத்தகத்தில் எரிமலைப் படம் பார்த்த பிள்ளைகள், "அதுவும் நெருப்புக் கக்குமா?" என்று கேட்பதில் வியப்பில்லை. கக்காது. இலங்கையில் எரிமலையே கிடையாது. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. நிலத்துக்குள் ஆழமாக இறங்கிய மழைநீர் அங்கே சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான்.

பின்னே இந்த மலைகள் எப்படி வந்தன? 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கொண்டுவானா என்ற பெருநிலமாக ஒட்டின. அந்த நெருக்கலில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைதான் இது. பிறகு நிலம் மெல்ல மேலெழ, மழையும் ஆறும் மேலிருந்ததைக் கரைத்துக்கொண்டு போக, அடிப்பாறை வெளியே வந்தது. அதில் சார்னோக்கைட் என்று ஒரு வகை. கல்கத்தாவில் யோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்த பெயர். சென்னைப் பல்லாவரத்திலும் இதே கல்தான். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்கு ஆள் வந்து சேருமுன்பே கல் உறவு கொண்டாடியிருக்கிறது!

இதையெல்லாம் நேரில் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாகச் சுமார் 30 கிலோமீற்றரில் ஹோட்டன் சமவெளி. 2,100 மீற்றருக்கும் உயரத்தில், 1988 முதல் தேசியப் பூங்கா. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது. பாணைக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

நடை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். சுற்றிலும் பத்தனைப் புல்வெளி, நடுநடுவே குட்டையாக முறுகிய மரங்களின் காடு. பாதையோரக் கல்லைக் குனிந்து பாருங்கள்: மாதுளை முத்துப்போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது கார்னெட், பாறை வெந்த ஆழத்துக்குச் சாட்சி. காலையில் மரைகள் புல்லில் நிற்கும், ஆளைக் கண்டு அதிகம் மிரளாது. அதற்காகப் பிஸ்கட்டை நீட்டாதீர்கள். மரக்கிளையில் மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. யானை மட்டும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து வேட்டையோடு அந்தக் கதை முடிந்தது.

எரிமலை வாயை எட்டிப் பார்க்கும் நடுக்கம் வேண்டுமென்றால் இதே நடையில் 'உலக முடிவு' இருக்கிறது. காலடியில் மலை சட்டென்று அறுந்து, ஏறத்தாழ 880 மீற்றர் கீழே இறங்குகிறது. ஆனால் வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மூடுபனியாகிவிடும். பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். இருட்டோடு கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நின்றுவிடுங்கள்.