மன்னிச்சாச்சு... நம்பிக்கை எப்போ திரும்பும்? திருச்சபையும் சட்டமும் சொல்வது என்ன?

கணவருக்கோ மனைவிக்கோ வேறொரு தொடர்பு இருந்தது தெரியவந்தால், கிறிஸ்தவக் குடும்பங்களில் முதலில் வரும் அறிவுரை 'மன்னிச்சிடு' என்பதுதான். மன்னிச்சா, உடனே பழையபடி சேர்ந்து வாழணுமா?

கட்டாயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு (விதி 1152) மன்னிக்கும்படி வலியுறுத்துகிறது. அதேநேரம், பாதிக்கப்பட்டவர் பிரிந்து வாழும் உரிமையையும் தருகிறது. ஆனால், விஷயம் தெரிந்தும் முறையிடாமல் 6 மாதம் சேர்ந்தே வாழ்ந்தால், மன்னித்துவிட்டதாகக் கருதப்படும்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 'மன்னிச்சிட்டேன்' என்ற வார்த்தை மட்டும் போதாது; தாம்பத்திய வாழ்க்கை தொடர்ந்தாலோ, மீண்டும் தொடங்கினாலோதான் சட்டப்படி அது மன்னிப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திருமணம் தாண்டிய உறவு குற்றமல்ல. ஆனால், விவாகரத்துக்கு இன்றும் காரணம்தான்.

சரி, நம்பிக்கை திரும்ப என்ன செய்யணும்?

* அந்தத் தொடர்பை முழுசா முறிக்கணும்.
* கேட்கிற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லணும். 'இன்னும் அதையே பேசுறியா?' என்று எரிந்து விழக் கூடாது.
* இருவரும் நம்பும் போதகர் அல்லது ஆலோசகரிடம் சேர்ந்து போகலாம்.

இதற்குக் கெடு வைக்க வேண்டியது தவறு செய்தவர் அல்ல. பாதிக்கப்பட்டவர் கொஞ்ச நாள் தனியே இருக்க விரும்பினால், அவர் மன்னிக்கவில்லை என்று அர்த்தமும் இல்லை.